நாற்காலியைத் திருப்பிப் போடு

தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு நிகழ்ச்சி எழுதித் தருகிறேன். காசு வேண்டாம். பெயர்: ‘சார் எந்தப் பக்கம்?’

நடுவில் ஒரு நாற்காலி. அதில் படித்து, நல்லபடியாக உடுத்தி, ஒரு வேலையிலும் இருக்கிற ஆள். எதிரே மூன்று நடுவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒருவர் கல்யாணத் தரகர். மூன்றாவது, மாடியை வாடகைக்கு விடுகிற அம்மா. நாற்காலியில் இருப்பவர் என்ன சாதி என்று இவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நேரடியாகக் கேட்கக் கூடாது. கேட்டால் நாகரிகம் கெட்டுவிடும். சுத்தி வளைச்சுத்தான் கேட்கணும். சொந்த ஊர் எது? ஊருக்குள்ள எந்தத் தெரு? கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? குலதெய்வம் யாரு? அப்பா என்ன வேலை பார்த்தார்? தாத்தா? ஞாயித்துக்கிழமை வீட்டுல என்ன கறி? நிறம், பெயர், பேச்சு, சாப்பிடுகிற விதம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

நடுவர்கள் திணறினால் மூன்று உதவிகள். ஒன்று, முதுகில் தட்டுவது. பாராட்டுகிற மாதிரி தட்டி, சட்டைக்குள் நூல் தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். இரண்டு, ஊருக்கு ஒரு போன். மூன்று, சான்றிதழைப் பார்த்த ஆபீஸ்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து விசாரிப்பது.

கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நாற்காலிக்காரருக்குப் பரிசு: பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வாடகை வீடு. கண்டுபிடித்துவிட்டால் அரங்கம் கைதட்டும். நடுவர்கள் எழுந்து நின்று, “அதனால என்ன சார், நாங்க அதெல்லாம் பாக்கறதே இல்ல” என்பார்கள். அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்.

அபத்தம் என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இதில் நான் கற்பனையாகச் சேர்த்தது கேமராவும் கைதட்டலும்தான். மற்றதெல்லாம் டீக்கடையில், ரயில் பெட்டியில், விடுதி அறையில், கல்யாணப் பந்தியில் ஒளிபரப்பு இல்லாமலேயே தினமும் நடக்கிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. ஆளை அடையாளம் பார்ப்பது என் பிழைப்பு. ஆதார் அட்டை, பான் அட்டை, புகைப்படம், கையெழுத்து. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அவற்றில் இருக்கும். இரண்டு அட்டையிலும் சாதி கிடையாது. ஒருவரை நம்பிக் கணக்குத் தொடங்க அவ்வளவு போதும் என்கிறது சட்டம். ஆனால் கவுண்டருக்கு உள்ளே வேறு சட்டம். கிளைக்கு ஒருவர் மாற்றலாகி வருகிறார் என்றால், அவருடைய பணிப் பதிவேடு வந்து சேர்வதற்கு முன்பே அவர் ‘யாரு’ என்ற சேதி வந்து சேர்ந்துவிடும். முதல் நாள் டீயில் ஊர். இரண்டாம் நாள் தெரு. மூன்றாம் நாள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்காததிலிருந்தே தெரிந்துகொள்ளலாம், ஆட்டம் முடிந்துவிட்டது.

நிஜத் தொலைக்காட்சியிலும் இந்த ஆட்டம் வந்திருக்கிறது, வேறு அடையாளத்தை வைத்து. பிரிட்டனில் 2004இல் ஸ்கை ஒன் அலைவரிசையில் ஒரு நிகழ்ச்சி. மிரியம் ரிவேரா என்ற மெக்சிகோப் பெண்ணின் காதலைப் பெற ஆறு ஆண்கள் போட்டியிட்டார்கள். அவர் திருநங்கை என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கடைசியில் அதைப் போட்டு உடைப்பதுதான் நிகழ்ச்சியின் மொத்த வியாபாரம். ஆண்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக வழக்குப் போட்டார்கள். ஒளிபரப்பு தள்ளிப்போனது. பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கடைசிக் காட்சியின் அதிர்ச்சியாக்கி விற்றார்களே, அதற்கு என்ன நஷ்டஈடு என்பது அந்த வழக்கின் கேள்வியாக இருக்கவில்லை. மிரியம் 2019இல் இறந்துபோனார்.

இந்த நிகழ்ச்சிகளின் சூத்திரம் ஒன்றுதான். ஊகிப்பவர்களுக்கு அதிர்ச்சியடையும் உரிமை உண்டு. ஊகிக்கப்படுபவர் அதிர்ச்சியாக இருந்தாக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் அரசாங்கமே இந்த ஆட்டத்தை நடத்தியது. 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் கொண்டுவந்து ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாகப் பிரித்து எழுதினார்கள். சந்தேகம் வந்தால் தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். கீழே விழுந்தால் வெள்ளை. முடியில் சிக்கி நின்றால் வெள்ளை இல்லை. பள்ளிக்கூடம், வீடு, கல்யாணம், சுடுகாடு எல்லாம் அந்தப் பென்சிலின் கையில். சான்ட்ரா லெய்ங் என்ற சிறுமியின் அப்பா அம்மா இருவருமே வெள்ளையர்கள். பிள்ளையின் தோலும் முடியும் அப்படி இல்லை என்று சொல்லி 1966இல், பத்து வயதில், பள்ளியிலிருந்து போலீசை வைத்து வெளியேற்றினார்கள். 1991இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. உடம்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பவர்களுக்கே பென்சில் தேவைப்பட்டது. நம் ஊரில் உடம்பைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால்தான் இத்தனை கேள்விகள்.

இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் நமக்கெல்லாம் தெரிந்தவர் அம்பேத்கர். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலில் அவரே எழுதியிருக்கிறார். 1901இல் சின்னப் பையனாக, அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் அப்பாவைப் பார்க்கப் போகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். பிள்ளைகள் நல்ல உடை உடுத்தியிருந்ததால் பிராமணப் பிள்ளைகள் என்றே நினைத்துவிட்டார் ஸ்டேஷன் மாஸ்டர். பரிவோடு விசாரிக்கிறார். யாரென்று கேட்டதும் பையன் மறைக்கத் தெரியாமல் ‘மஹார்’ என்று சொல்லிவிடுகிறான். ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு மாட்டு வண்டிக்காரர்கள் இரட்டைக் கூலிக்கும் வர மறுக்கிறார்கள். கடைசியில் என்ன ஏற்பாடு தெரியுமா? பிள்ளைகளே வண்டி ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார். இரட்டைக் கூலியும் வேண்டும், தீட்டும் படக்கூடாது.

பிறகு 1917. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வருகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றுக்குப் போகிறார். சத்ராவும் இல்லை, கஸ்தியும் இல்லை என்பதை விடுதிக் காவலர் பார்த்துவிடுகிறார். நான் மேலே எழுதிய முதுகில் தட்டும் உதவி இதுதான். கடைசியில் பார்சிப் பெயரில் பதிவேட்டில் எழுதித் தங்க இடம் கொடுக்கிறார்கள். பதினோராம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிகளோடு வந்து ‘நீ யார்?’ என்று கேட்கிறார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். இரண்டு நண்பர்களைக் கேட்கிறார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கைவிரிக்கிறார்கள். பம்பாய் ரயில் வரும் வரைக்கும் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார், கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அந்த மனிதர்.

அவருக்குப் பதினோரு நாள் கிடைத்தது. நமக்குப் பதினோரு மாதம். நூறு வருச முன்னேற்றம் இவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் கோபப்படாதீர்கள். வீடு தேடிப் போய்ப் பாருங்கள்.

அமெரிக்கா போனாலும் நாற்காலி கூடவே வருகிறது. சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் மேலாளர்கள் இருவர் மீதும் 2020இல் கலிபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. ஐ.ஐ.டி.யில் கூடப் படித்தவரே மேலாளராக வந்து, இவர் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்று சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டு. மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வழக்குக் காகிதங்களில் அந்தத் தலித் பொறியாளரின் பெயர் ‘ஜான் டோ’. நீதி கேட்டுப் போகும்போதும் முகமூடி போட்டுக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஊகிக்கிற வேலையே இல்லை. பிள்ளைகள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு. விடையைக் கையிலேயே கட்டிவிட்டார்கள். 2019இல் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அறுத்துவிடலாம். ‘நீ எந்தத் தெருடா?’ என்ற கேள்வியை எந்தக் கத்தரிக்கோலால் அறுப்பது?

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார். எப்போதும் கேட்பார். “இடஒதுக்கீடுன்னா மட்டும் சாதியச் சொல்றீங்க, வீடு கேக்கும்போது ஏன் மறைக்கிறீங்க?” வங்கிக்காரன் முறையிலேயே பதில் சொல்கிறேன். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தால் அது எதற்கு என்று விதி இருக்கும். கேட்கிறவர் கையெழுத்துப் போடுவார். தப்பாக நடந்தால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் வழக்குப் போடலாம். பங்கு கொடுப்பதற்காக வெளிப்படையாகக் கேட்கிற கேள்வி அது. வீட்டுக்காரம்மா “வீட்டுல என்ன சமைப்பீங்க?” என்று கேட்பதற்குக் காகிதம் கிடையாது, சாட்சி கிடையாது. பங்கைப் பறிப்பதற்காக ஒளிந்துகொண்டு கேட்கிற கேள்வி. இங்கே மறைப்பது யார்? தன் சாதியைச் சொல்லாதவரா, தான் கேட்பது சாதியைத்தான் என்று ஒத்துக்கொள்ளாதவரா?

தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு: “மறைக்கிறவன் கோழை. வெளியே வா. நெஞ்சை நிமிர்த்திச் சொல்.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொன்ன பிறகு அன்று ராத்திரி அவன் எங்கே படுப்பான்? முதலாமாண்டு விடுதி மாணவி, ஒப்பந்த வேலைக்காரர், கைக்குழந்தையோடு வாடகை வீட்டில் இருப்பவர், இவர்களிடம் போய் வீரம் கேட்பது மேடைக்காரனுக்குச் சுலபம். அவர்கள் மறைக்கவில்லை. சொல்வதற்கான நேரத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தை முடிவு செய்கிற உரிமை அவர்களுடையது. நாம் அதில் கை வைத்தால் நாமும் நான்காவது நடுவராகிவிடுவோம்.

ஹோமர் ப்ளெஸ்ஸியை நினைத்துப் பாருங்கள். நியூ ஆர்லியன்ஸ் செருப்புத் தொழிலாளி. பார்த்தால் வெள்ளைக்காரர். எட்டில் ஏழு பங்கு முன்னோர் வெள்ளையர்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவரை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. 1892இல் வெள்ளையர் பெட்டியில் ஏறி, தானே தன் இனத்தைச் சொல்லிக் கைதானார். சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுப்பதற்காகத் திட்டமிட்டுச் செய்த காரியம். பின்னால் ஒரு குடிமக்கள் குழு இருந்தது, வழக்கறிஞர் இருந்தார், பணம் திரட்டப்பட்டிருந்தது. கைது செய்கிற துப்பறிவாளரைக்கூட அந்தக் குழுவே ஏற்பாடு செய்திருந்தது. 1896இல் வழக்கு தோற்றது. அந்தத் தீர்ப்பின் அடிப்படை உடைய 1954 வரை ஆனது. லூசியானா ஆளுநர் ப்ளெஸ்ஸிக்கு மன்னிப்பு எழுதியது 2022இல். ஆனாலும் அவர் தனியாளாக நின்று சொல்லவில்லை. பரோடாவில் அம்பேத்கர் தனியாக இருந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வீரத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

எனவே ‘வெளியே வந்து சொல்’ என்கிற அமைப்பு முதலில் நான்கு வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். நகரத்துக்கு வருகிற மாணவருக்கு முதல் மாதம் தங்க இடம், வழக்கு வந்தால் வழக்கறிஞர், வேலை போனால் மூன்று மாதச் சாப்பாடு. நிரந்தர வேலை, தொழிற்சங்கம், சொந்தக் கூரை உள்ள என்னைப் போன்றவர்கள் முதலில் சொல்வோம். சொல்லி, வருகிறதை வாங்கிக்கொள்வோம். பாதுகாப்பு உள்ளவர் முதலில், இல்லாதவர் கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, இருப்பதிலேயே பலவீனமானவரை முன்னால் தள்ளிவிட்டுக் கைதட்டுவதற்குப் பெயர் போராட்டம் இல்லை, நிகழ்ச்சி.

இன்னொன்று. நம் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, புதிதாக வந்த தோழரைப் பார்த்து மெதுவாக, “தோழர், நம்மள்லயே எந்தப் பிரிவு?” என்று கேட்கிற குரல் ஒன்று உண்டு. அந்தக் குரலும் பழைய நிகழ்ச்சியின் மறு ஒளிபரப்புதான். அதை நிறுத்தாமல் ஊரான் நாற்காலியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

அடுத்த தடவை உங்களிடம் “தம்பி எந்தப் பக்கம்?” என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்டால், பதிலை யோசிக்காதீர்கள். ஊரையும் சொல்ல வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். நீங்களும் சிரித்துக்கொண்டே, “ஏன் கேக்குறீங்க?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்கிற வரைக்கும் சும்மா இருங்கள். பரோடாவில் தடியோடு வந்த அந்த ஆட்களை நிறுத்தி இதைக் கேட்க அன்றைக்கு ஒரு ஆள் இல்லை. இன்றைக்கு நாம் இருக்கிறோம். காரணம் சொல்ல வேண்டிய முறை அவருடையது. முதலில் அவர் நெளியட்டும்.