பெண் பொறியியலாளர்களுக்கு வேலைத்தளத்தைத் திறந்துவிடுங்கள்

பொறியியல் துறையில் பணியாற்றும் பெண்களும் எங்களோடு நிற்கும் ஆண் பொறியியலாளர்களும் சேர்ந்து, இந்நாட்டு மக்களாகிய உங்களிடம் இந்த வேண்டுகோளை வைக்கிறோம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. 13 மணிநேரம் வரை நீண்ட மின்வெட்டு, எரிபொருள் வரிசை, 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் எல்லாவற்றையும் எல்லாருமாகவே கடந்தோம். அந்த ஆண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். அவர்களில் கைதேர்ந்த பொறியியலாளர்களும் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்து, மலையகத்து வீதிகளையும் பாலங்களையும் ரயில் பாதைகளையும் சிதைத்துப் போட்டது.

மீட்சி என்றதும் சர்வதேச நாணய நிதியத்தின் தவணைகளையும் டொலரின் விலையையும்தான் பேசுகிறோம். கையில் காசு குறைந்த நாட்டுக்கு, கட்டுவதை ஒரே தடவையில் சரியாகக் கட்டுவதும் மீட்சிதான். மலைச்சரிவில் எழும் தாங்குசுவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரின் பின்னால் கல்நிரப்பு ஒழுங்காக இடப்படுகிறதா, நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று வேலை நடக்கும்போதே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால், தேங்கும் நீரே அடுத்த மாரியில் சுவரைத் தள்ளிவிடும். கடன்பட்டுக் கட்டியதை மறுபடியும் கடன்பட்டுக் கட்ட நேரும். மின்சாரமும் இப்படித்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்தில் நேர்ந்த கோளாறு நாடு முழுவதற்கும் மின்சாரத்தைத் துண்டித்தது. தேவை குறைந்து, கூரைச் சூரிய மின்சாரம் மிகுந்திருந்த நேரத்தில் வலையமைப்பால் அந்த அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை. 2030இல் 70 சதவீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெற விரும்பும் நாம், மின் தேவைக்கும் உற்பத்திக்கும் இடையிலான சமநிலையை நாள்தோறும் காக்க வல்லவர்களை எங்கே தேடப்போகிறோம்?

அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். பிரேமளா சிவசேகரம் 1964இல் பட்டம் பெற்று நாட்டின் முதலாவது பெண் பொறியியலாளரானார். இன்று பேராதனை, மொரட்டுவை, கிளிநொச்சி, ஒலுவில் என எல்லாப் பொறியியல் பீடங்களிலும் பெண்கள் படிக்கிறார்கள். இலவசக் கல்வி என்கிறோம். அதற்கான செலவு உங்கள் வரிப்பணம். அப்படியிருந்தும், பல்கலைக்கழக மாணவரில் பாதிக்கு மேல் பெண்களாக உள்ள இந்நாட்டில், தொழிற்படையில் சேரும் பெண்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. பொறியியலில் பட்டம் பெற்ற ஒருத்தி வீட்டோடு நின்றுவிடும்போது, நீங்கள் ஏற்கெனவே கொடுத்த பணம் பயனின்றிப் போகிறது.

வேலைத்தளம் பெண்களுக்கு ஆபத்து என்பார்கள். அட்டை கடிக்கும் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பில் ஒன்றரை நூற்றாண்டாக அந்நியச் செலாவணி ஈட்டும் நாடு, அதே சரிவில் அளவை எடுக்கப் போகும் பெண்ணைத் தடுப்பதற்கு நியாயம் இல்லை. பூட்டக்கூடிய கழிப்பறை, இரவில் வீடு சேர ஒரு வாகனம், முறைப்பாட்டைக் கேட்க ஓர் அதிகாரி: ஒரு பாலத்தின் செலவில் இவை எம்மாத்திரம்? பேறுகால விடுமுறை பற்றிய கவலையை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. தனியார் துறையில் 84 நாள் விடுமுறைச் சம்பளம் முழுவதையும் வேலைகொடுப்பவரே ஏற்கிறார்; சிறிய ஒப்பந்தகாரர் தயங்குவது இயல்பு. அந்தச் சுமையைப் பொது நிதியமொன்று பகிர்ந்துகொள்ள வேண்டுமே தவிர, பெண்ணை நேர்முகத்தேர்விலேயே கழித்துவிடுவது தீர்வாகாது. ஆண்களுக்கே வேலை இல்லையே என்ற குரலில் உள்ள வேதனையும் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் மேற்பார்வைக்கு ஆளில்லாமல் ஒரு வேலை தள்ளிப்போனால், முதலில் கூலி இழப்பவர்கள் மேசனும் கம்பி கட்டுபவரும்தான்.

ஆகவே கேட்கிறோம். புனரமைப்புக் கேள்விப்பத்திரங்களில் பெண்களுக்கான கழிப்பறையையும் போக்குவரத்தையும் கட்டாய விடயங்களாகச் சேர்க்கும்படி உங்கள் பிரதேச சபையையும் பாராளுமன்ற உறுப்பினரையும் வற்புறுத்துங்கள். நிறுவனம் நடத்துபவர்கள், பிள்ளை பெற்றுத் திரும்பும் பொறியியலாளரைக் காகித வேலைக்கு ஒதுக்காமல் பழைய பொறுப்பிலேயே அமர்த்துங்கள். பெற்றோரே, கலியாணப் பேச்சின்போது "சைட் வேலையை விட்டுவிடலாம்தானே" என்று மறுதரப்பு கேட்டால், உங்கள் மகளின் பக்கம் நின்று பதில் சொல்லுங்கள்.