குடத்தை வைத்துவிட்டுப் போனவள்

என் அத்தை ஜெபிக்கும்போது கண்ணை மூடமாட்டாள். மடியில் சொளவு இருக்கும். ஈரத்துணியில் பொதிந்து வைத்த இலையைத் தகடு வைத்து வெட்டுவாள். ஒரு சிட்டிகை தூளைப் பரப்பிச் சுருட்டுவாள். முனையை மடக்கி நூலைச் சுற்றுவாள். அதற்கு நடுவிலேயே பேசிக்கொண்டிருப்பாள். “இன்னைக்கு முட்டு வலி தாங்கல, பாத்துக்கிடும்” என்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வாள். பீடிக்கடையில் இலையை எடை குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று முறையிடுவாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓய்வுநாள் பள்ளியில் முழங்கால்படியிட்டு, கைகூப்பி, கண்ணை மூடி ஜெபிக்கக் கற்றிருந்தேன்.

“யாருகிட்ட அத்த பேசுத?”

“அவருகிட்டதான்.”

“கண்ணத் தொறந்துக்கிட்டா?”

“அவரு என்னயப் பாத்துக்கிட்டுதானட்டி இருக்காரு. நான் மூடுனா என்ன, தொறந்தா என்ன?”

அந்த வயதில் அது எனக்குப் பதிலாகப் படவில்லை.

அத்தை கோயிலுக்குப் போவதை நிறுத்தி அதற்குள் பல வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம். மாமா வேறொரு குடும்பத்தோடு போய்விட்ட பிறகு, பெண்கள் சங்கத்தில் அவளுக்கிருந்த பொறுப்பை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். போனவர் மாமா, பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது அத்தையின் பெயர். கொஞ்சநாள் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பிறகு அதுவும் நின்றது. விசுவாசம் தணிந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தினமும் ஆயிரம் பீடி சுற்றுகிற நேரம் முழுக்க அவள் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் இறந்த அன்று, உடல் முற்றத்தில் கிடக்கும்போதே சபைப் புத்தகத்தைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துப் புரட்டினார்கள். ஆறு வருடச் சந்தா பாக்கி. அதைக் கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்து பணத்தை எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தார். ரசீது எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் துக்கமணி அடித்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அன்றோடு கோயிலை விட்டேன். கோயிலை விட்டதோடு நிற்கவில்லை, அத்தை பேசிக்கொண்டிருந்தவரையும் சேர்த்து விட்டுவிட்டேன். எனக்கு இருவரும் ஒன்றாகத் தெரிந்தார்கள்: அவரும், அந்தப் புத்தகத்தைப் புரட்டியவர்களும். ஒருவரை விட்டு ஒருவரைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பதினான்கு வருடம் தேவைப்பட்டது.

பிரித்துக் காட்டியவர் பண்டித ரமாபாய்.

அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை அவருடைய மதமாற்றத்தை மட்டுமே பேசுகின்றன. அதைப் போற்றுகிறவர்களும் தூற்றுகிறவர்களும் ஒரே இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள். உண்மையான கதை அதற்குப் பிறகுதான் வருகிறது.

1858இல் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மனைவிக்கும் மகளுக்கும் சம்ஸ்கிருதம் கற்பித்ததற்காக ஊராரின் எதிர்ப்பைத் தாங்கியவர். குடும்பமே தலம் தலமாக நடந்து புராணம் வாசித்துப் பிழைத்தது. 1870களின் பஞ்சம் அவர்களைப் பிடித்தபோது அவர்கள் சென்னை மாகாணத்தில் அலைந்துகொண்டிருந்தார்கள். இருந்ததையெல்லாம் தானத்துக்கும் நேர்ச்சைக்கும் செலவழித்து முடித்திருந்தார்கள். தந்தை, தாய், அக்கா என்று சில மாதங்களுக்குள் மூவர் போனார்கள். எஞ்சிய அண்ணனும் தங்கையும் நடந்து நடந்து 1878இல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்கே அவருடைய சம்ஸ்கிருதப் புலமையைச் சோதித்த அறிஞர்கள் ‘பண்டிதை’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டம் கொடுத்தார்கள். பிறகு அண்ணன் இறந்தார். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் கணவரும் இறந்தார். கையில் மனோரமா என்ற பெண்குழந்தை.

1883இல் மருத்துவம் படிக்கலாம் என்று இங்கிலாந்து போனார். காது சரியாகக் கேட்காததால் அந்தப் படிப்பு நடக்கவில்லை. வாண்டேஜ் நகரத்து ஆங்கிலிக்கன் கன்னியர்களோடு தங்கியிருந்தார். அந்தக் கன்னியர்கள் லண்டன் ஃபுல்ஹாமில் ஒரு இல்லம் நடத்தினார்கள். ஊரால் ஒதுக்கப்பட்ட பெண்களுக்கான இல்லம். கெட்டுப்போனவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை இப்படி அன்போடு பார்த்துக்கொள்ள இவர்களுக்கு எங்கிருந்து மனம் வந்தது என்று ரமாபாய் கேட்டார். அவர்கள் யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தைத் திறந்து, கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய கதையைச் சொன்னார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ரமாபாய்க்கு இங்கேதான் போராட்டம் தொடங்கியது. அதாரிட்டி, அதாவது அதிகாரம், என்ற சொல் அவருடைய அந்தக் காலக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. குருமார் சொல்வதை ஏற்றுக்கொள், விசுவாசப்பிரமாணத்தை வரிக்கு வரி ஒப்புக்கொள், கேள்வி கேட்காதே என்று அவருக்குப் புத்தி சொன்னார்கள். ஒரு புரோகித நுகத்தை அவ்வளவு பாடுபட்டுக் கழற்றியவள் இன்னொன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளமாட்டேன் என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். ஒரு சிலுவையில் லத்தீன் எழுத்துப் பொறிப்பதா சம்ஸ்கிருதமா என்பதில்கூட விவாதம். லத்தீன் எந்த வகையில் கூடுதல் புனிதம் என்று கேட்டார். ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் நடத்தக்கூடாது என்று பிஷப்மார் தடுத்தபோது, அதையும் அவர் பணிந்து ஏற்கவில்லை. அவருக்கு வயது இருபத்தாறு. பிறர் தயவில் தங்கியிருக்கும் ஒரு விதவை, அந்நிய மண்ணில். அந்தக் கடிதங்களை வாசிக்கும்போது அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ள வேண்டும்போல் இருக்கும் எனக்கு.

1889இல் பம்பாய் திரும்பி, இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கினார். அது நடந்துகொண்டிருந்த காலத்தில், ஞானஸ்நானம் பெற்று எட்டு வருடம் ஆன பிறகு, அவருக்கு ஒன்று உறைத்தது. தனக்குக் கிடைத்திருப்பது கிறிஸ்தவ மதம்தான், கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை. 1907இல் வெளியான தம் சாட்சியில் இதைத் தயங்காமல் எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் அவர் கையில் கிடைத்தது வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் வாழ்க்கை நூல். 1851இல் கார்ன்வால் பகுதியில் தம் சொந்தப் பிரசங்க மேடையிலேயே, தாம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை தமக்கே பட்டு, மனம் திரும்பியவர் ஹாஸ்லம். போதகரே மனந்திரும்பிவிட்டார் என்று சபையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஊருக்கெல்லாம் சொன்னவருக்கே அது அதுவரை வந்துசேரவில்லை. ரமாபாய் அதில் தம்மைக் கண்டிருக்க வேண்டும். ஒரு மதத்தின் நூல்களைக் கற்று, அதை மதித்து, அதில் சேர்ந்து, அதற்காக ஏச்சும் வாங்கி, அத்தனைக்குப் பிறகும் உள்ளே பாரம் அப்படியே இருந்தது. தான் செய்து முடிக்க வேண்டிய கடன் இனி எதுவும் இல்லை, தான் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளப்பட்டாயிற்று என்பதை அவர் நம்பிய நாளில்தான் அந்தப் பாரம் இறங்கியது. 

நேர்ச்சை செய்து செய்து ஓய்ந்த ஒரு வீட்டில் வளர்ந்த பெண் அவர். இனி எதையும் கொடுத்து வாங்க வேண்டாம் என்ற செய்தி அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ரமாபாயின் சாட்சியை வாசித்து முடித்த ராத்திரி, அத்தையின் வேதப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பரணில் ஒரு தகரப்பெட்டிக்குள் இருந்தது. சுவிசேஷப் பக்கங்களின் ஓரமெல்லாம் பழுப்பு. தூள் ஒட்டிய விரலால் புரட்டிய தடம். புகையிலை வாசம் இன்னும் போகவில்லை. யோவான் நான்காம் அதிகாரத்தை முதல்முறை வாசிப்பதுபோல வாசித்தேன்.

உச்சிவேளை. மற்ற பெண்கள் வராத நேரமாகப் பார்த்துத் தனியாகத் தண்ணீருக்கு வருகிறாள். ஐந்து கணவர்மாரைக் கண்டவள், இப்போது இருப்பவனும் கணவன் அல்ல. அவளிடம் இயேசு முதலில் கேட்பது தண்ணீர். தாகமாக இருக்கிறார், அவளிடம் கேட்கிறார், அவ்வளவுதான். யூதர் சமாரியரின் கையில் வாங்கிக் குடிக்கிற வழக்கம் கிடையாது. பேச்சு அவளுடைய வாழ்க்கைப் பக்கம் திரும்பியதும் அவள் மதத்தைப் பற்றிக் கேட்கிறாள்: தொழ வேண்டிய இடம் எங்கள் மலையா, உங்கள் எருசலேமா? இரண்டு சமூகமும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்ட கேள்வி அது. அவர் இரண்டையும் ஒதுக்கிவிடுகிறார். இடம் முக்கியமல்ல, ஆவியும் உண்மையும் போதும் என்கிறார். அதை அவர் தலைமைக் குருவிடமோ சீடர்களிடமோ சொல்லவில்லை. ஊர் சேர்க்காத ஒருத்தியிடம், குடத்தோடு நின்றவளிடம் சொன்னார்.

சொளவோடு உட்கார்ந்திருந்தவளிடமும் அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அத்தையின் பேச்சுக்கு மறுபக்கம் ஒன்று இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பதினான்கு வருடமாக நான் கோபித்துக்கொண்டிருந்தவர், அந்தத் திண்ணையில் புத்தகத்தைப் புரட்டியவர்களோடு உட்கார்ந்திருக்கவில்லை. முற்றத்தில் அத்தையின் பக்கத்தில் இருந்தார். அன்று நான் நெடுநேரம் அழுதேன். கண்ணை மூடாமல் ஜெபித்தேன்.

சபையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அத்தைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தது சபைப் பள்ளிக்கூடம்தான். 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகியிருக்காவிட்டால், அதன் வழியில் பின்னால் வந்த மொழிபெயர்ப்புகளும் இல்லாவிட்டால், அவள் விரலுக்கு அந்தப் பக்கங்கள் ஏது? ஆனால் இதே மண்ணில், வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தைப் பார்த்தபடி சாதிக்கொரு கூடமாக இரண்டு கூடம் வைத்துக் கோயில் கட்டினார்கள். நடுவிலிருந்த தடுப்பு 1910 வாக்கில்தான் இடிபட்டது. கிணற்றடியில் தீர்ந்துபோன கேள்வியை மறுபடி எடுத்துச் சுவராக எழுப்பினோம். அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் நின்று ஒரே அப்பத்தை வாங்கினோம். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

ரமாபாய் தமக்குக் கிடைத்த விடுதலையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது, தம் குடும்பத்தைத் தின்ற அதே பசி என்பதால், நேரே அங்கே போனார். நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் விதவைகளையும் பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற ஊருக்குக் கூட்டிவந்தார். அந்த இடத்துக்கு முக்தி என்று பெயர் வைத்தார். எந்த ஒரு சபைப் பிரிவுக்கும் உட்படாத இடம் அது. அங்கே பெண்கள் தறி நெய்தார்கள், எண்ணெய் ஆட்டினார்கள், மாடு வளர்த்தார்கள், அச்சுக்கோத்தார்கள். பார்வையற்ற பெண்கள் பிரெயில் படித்தார்கள். ஃபுல்ஹாமில் பார்த்ததைப்போலவே, ஒதுக்கப்பட்ட பெண்களுக்கென்று கிருபா சதனம் என ஒரு வீடும் எழுந்தது. படிக்காத பெண்களுக்கும் புரியவேண்டும் என்று எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமம் முழுவதையும் எளிய மராத்தியில் தாமே மொழிபெயர்த்தார். 1922 ஏப்ரலில் இறக்கும்வரை கூடவே இருந்த வேலை அது.

நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். அத்தை உட்கார்ந்த கடைசி வரிசைதான். பாட்டு பிடித்திருக்கிறது, பக்கத்தில் உட்காருகிறவர்களைப் பிடித்திருக்கிறது. பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் போய்விட்டது. போன வருடம் ஒரு சாவு வீட்டில் மறுபடியும் புத்தகம் வந்தது. எழுந்து நின்றேன். “மொதல்ல மணிய அடிக்கச் சொல்லுங்கண்ணே. மத்ததப் பெறகு பேசிக்கிடலாம்” என்றேன். குரல் நடுங்கியது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு உபதேசியார் எழுந்து கோயில் பக்கம் நடந்தார்.

வியாழக்கிழமை மத்தியானங்களில் எங்கள் தெருவில் நான்கைந்து பெண்கள் சொளவோடு ஒரு வீட்டு நடையில் கூடுவார்கள். நான் வாசிப்பேன், அவர்கள் கை வேலை நடக்கும். அடுத்த தெரு முஸ்லிம் அக்கா ஒருவரும் வருவார். மூன்று வாரத்துக்கு முன்னால் யோவான் நான்கு வாசித்தேன். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு அவள் ஊருக்குள் ஓடினாள் என்ற இடம் வந்ததும் அந்த அக்கா நிமிர்ந்தார்.

“கொடத்தத் திரும்ப வந்து எடுத்தாளாம்மா?”

மேலே வாசித்துப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை என்றேன்.

“எடுத்திருப்பா” என்றாள் மூலையில் இருந்த பெண், நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. “வீட்டுல தண்ணி வேணும்லா.”