பறக்கும் தட்டும் பழைய பேப்பரும்

ஆதாரமே இல்லாத ஒரு கட்டுரையைத் திட்டுவதற்காக நண்பர் ஒருவர் அண்மையில், "இது யூஎஃப்ஓ ஆராய்ச்சி மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. யூஎஃப்ஓ ஆராய்ச்சி எப்படி நடந்தது என்று எங்களில் யாருக்காவது தெரியுமா?

1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னல்ட் என்ற விமானி, அமெரிக்காவின் ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீரில் வீசிய சாசர் துள்ளிப் போவதுபோல அவை பறந்தன என்றுதான் அவர் விளக்கினார். பத்திரிகைகள் 'பறக்கும் தட்டு' ஆக்கிவிட்டன. அடுத்த சில வாரங்கள் நாடு முழுக்க அதே பேச்சு. பிறகு ஜோக். பிறகு மறதி.

அந்தக் கோடையை மறக்காதவர் டெட் ப்ளோச்சர். விஞ்ஞானி இல்லை, மேடையில் பாடி நடித்தவர். நூலகங்களில் உட்கார்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாளிதழ்களைப் புரட்டி, 800க்கும் அதிகமான சம்பவங்களை நாள், இடம், செய்தி வந்த ஏடு ஆகியவற்றோடு 1967இல் அறிக்கையாக வெளியிட்டார். விமானப்படையின் கோப்புகளில் இருந்ததைவிட இது பல மடங்கு. யாரும் சம்பளம் தரவில்லை. இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறவர்கள், ஒருநாள் முழுக்க ஒரு பழைய ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அவருடைய நியூயார்க் குழுவில் இருந்தவர் இசபெல் டேவிஸ். வெள்ளிக்கிரகத்து மனிதனைப் பாலைவனத்தில் சந்தித்தேன் என்று எழுதிய ஜார்ஜ் ஆடம்ஸ்கியின் நூல் அப்போது சக்கைப்போடு போட்டது. 1957இல் அந்த வகைக் கதைகளைப் பிரித்து மேய்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதியவர் இந்த அம்மையார்தான். எழுதியது வெளியாள் இல்லை, அதே துறைக்காரர். இது எனக்கு முக்கியம்.

1955 ஆகஸ்டில் கென்டக்கியின் கெல்லி என்ற ஊரில், குள்ள உருவங்கள் இரவெல்லாம் வீட்டைச் சுற்றி வந்ததாகவும் துப்பாக்கியால் சுட்டதாகவும் ஒரு குடும்பம் சொன்னது. ஊரே கேலி செய்தது. டேவிஸ் மறு ஆண்டு நேரில் போனார். விசாரித்தார், எழுதிவைத்தார். அது நூலாக வர 1978 ஆனது. அந்தக் குடும்பம் கண்டது பெரிய கொம்பு ஆந்தைகளாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் வாதிட்ட ஜோ நிக்கல்கூட டேவிஸ் சேர்த்துவைத்த விவரங்களைத்தான் நாட வேண்டியிருந்தது. மறுப்பவனுக்கும் பயன்படும்படி எழுதுவதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லையென்றால், வேறு என்னவாம்?

அமெச்சூர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. டொனால்ட் கீஹோ போன்றவர்கள் முடிவை முதலில் எடுத்துக்கொண்டு சாட்சியைப் பிறகு தேடினார்கள். கிரே பார்க்கர் இன்னும் மோசம். ஆல்பர்ட் பெண்டர் என்பவர் 1953இல் தன் சங்கத்தை இழுத்து மூடியதை வைத்து, மிரட்ட வந்த மூன்று கறுப்புச் சட்டைக்காரர்களின் கதையை 1956இல் புத்தகமாக்கி விற்றார். மறு ஆண்டே நண்பரோடு சேர்ந்து, அரசாங்கக் கடிதம் போலப் பொய்க் கடிதம் தயாரித்து ஆடம்ஸ்கிக்கு அனுப்பினார். விளையாட்டாம்!

உண்மையில் கண்காணிப்பு என்ற பேச்சு இருந்தது. 1953 ஜனவரியில் சிஐஏ கூட்டிய ராபர்ட்சன் குழு, இத்தகைய சங்கங்களைக் கவனித்துவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கோரல் லோரன்சன் முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த அப்ரோ அமைப்பையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இது ஆவணம். ஆனால் நமக்கு ஞாபகம் இருப்பது 'மென் இன் பிளாக்' படம்.

என் கோபம் இதில்தான். வேற்றுக்கிரகவாசி வந்தான் என்று நான் நம்பவில்லை. ஆனால் பார்க்கரின் சரக்கை ரசித்துத் தின்றுவிட்டு, அந்த அசட்டுத்தனத்துக்கான பழியை ப்ளோச்சர் மீதும் டேவிஸ் மீதும் போடுகிறோம். 1970இல் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிப் பிள்ளைகள் மூன்று அங்குல மனிதர்களைப் பார்த்ததாகச் சொன்ன கதையைப் புலனத்தில் பகிர்கிறோம். இந்நாட்டுச் சம்பவங்களைத் தேடித் தொகுத்த அகமட் ஜமாலுடின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நண்பருக்கு நேற்று இதைச் சொன்னேன். "சரி, அந்தக் கட்டுரை அந்த அளவுக்குக்கூட இல்லை" என்றார்.