துணைவியின் அனுமதியும் தொலைதூர உத்தியோகமும்

ரங்கூன் நதிக்கு அக்கரையிலுள்ள டாலாவில், ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறையை நம்பி வந்திறங்கிய தென்னிந்தியத் தொழிலாளி, 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்படும் வரையில், ஒரே சாம்ராஜ்யத்தின் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குப் போனவனாகவே எண்ணப்பட்டான். பிரிவினைக்குப் பின் 1940-இல் அந்நியர் பதிவுச் சட்டமும், 1947-இல் குடிவரவுச் சட்டமும் வந்து, பிழைக்கப் போன இடத்தில் இருப்பதற்கே காகிதம் காட்டவேண்டிய நிலைமை அவனுக்கு உண்டாயிற்று.

அவனுடைய பேத்திமாரின் காகிதங்கள் இப்போது குடிவரவு, வரி ஆலோசகர்களாகிய நம் மேஜைக்கு வருகின்றன. அப்படியொரு குடும்பத்தில், கப்பல் உத்தியோகத்தில் ஓய்வுபெற்று ஐம்பது வயதைக் கடந்த கணவர், தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாத் வைப்புக் காட்டி, ஓய்வுக்கால அனுமதியின் பேரில் சியாங்மாயில் குடியிருக்கிறார். மியன்மா (பர்மா) பிரஜையும் வயதில் இளையவருமான மனைவி, அவரைச் சார்ந்தவர் என்ற ஹோதாவில் உடனிருந்து, சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் கணக்குகளை மடிக்கணினியில் எழுதி, சம்பளத்தையும் சிங்கப்பூரிலேயே வரவு வைத்துக்கொள்கிறார். முதலாளியும் பணமும் வெளிநாட்டில் இருக்கையில் இதில் குற்றமென்ன என்று அவர்கள் வினவ, நம்மவர் பலரும் தயக்கமின்றித் தலையசைத்துவிடுகின்றனர்.

அப்படித் தலையசைப்பது தவறென்பதே எம் அபிப்பிராயம். 2017-இல் பிறந்து அடுத்த ஆண்டில் திருத்தப்பட்ட தாய்லாந்தின் அந்நியர் தொழில் ஆணை, முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொழில் புரிவதையே நோக்குகிறது. சம்பளம் எந்த ஊரிலிருந்து வருகிறதென்பது அதன் பிரதான விசாரம் அன்று. அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று மடிக்கணினியைத் திறந்து பார்ப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் பிடிக்கமாட்டார்கள் என்பது அனுபவ வார்த்தையேயன்றிச் சட்ட ஆலோசனை ஆகாது, அதை எழுத்தில் கொடுக்க நம்மில் எவரும் துணிவதுமில்லை.

வரி விஷயம் இன்னும் சிக்கலானது. ஓராண்டில் 180 நாள் தங்கியவர் வெளிநாட்டில் ஈட்டித் தாய்லாந்துக்குள் கொண்டுவரும் வருமானம், 2024 ஜனவரி முதல் ஈட்டியதாயின், எந்த ஆண்டில் கொண்டுவரப்பட்டாலும் வரிக்கு உட்பட்டது. மறுபுறம், வெளிநாட்டில் சம்பாதிக்கும் தன் பிரஜைகளிடம் மியன்மா 2023 அக்டோபரிலிருந்து வரி கேட்கிறது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போனவர்கள் அங்கேயே வரிச் சீட்டைக் காட்டவேண்டிய அவஸ்தையையும் அறிவர். வேலையை மறைத்தால் வரியை மறைக்க நேரும். வரியைக் கட்டினாலோ வேலை வெளிப்படும்.

இவற்றினும் பெரிய அபாயம், மனைவியின் தங்கல் உரிமைக்குச் சொந்தக் கால் இல்லாமையே. கணவர் காலமானாலும், மணமுறிவு நேர்ந்தாலும், வங்கி வைப்பு குறைந்து அவருடைய நீட்டிப்பு தவறினாலும், அதைப் பற்றி நின்ற மனைவியின் உரிமையும் உடன் வீழ்கிறது. வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுபவரே சார்ந்தவராக எண்ணப்படும் இந்த விநோதத்தைக் குடும்பங்கள் சிரித்துக்கொண்டே பேசுகின்றன. நாம் அப்படிப் பேசிவிட்டுப் போகலாகாது.

ஆதலால் மனைவியின் பெயரிலேயே ஓர் அனுமதி தேடித் தருவது உசிதம். 2024 ஜூலையில் தாய்லாந்து தொடங்கிய டி.டி.வி. விசா, 5 லட்சம் பாத் கையிருப்புக் காட்டுபவர் அயல்நாட்டு முதலாளிக்குத் தொலைவிலிருந்து பணிசெய்ய இடமளிக்கிறது. ஐந்தாண்டு செல்லும், ஒருமுறை நுழைந்தால் 180 நாள். ஆனால் அதற்குத் தாய்லாந்துக்கு வெளியேயிருந்துதான் விண்ணப்பிக்கவேண்டும். டாலாவில் தாயாரைப் பார்த்த மாதிரியும் இருக்கும், ரங்கூனிலேயே மனுவைக் கொடுத்த மாதிரியும் இருக்கும் என்று புறப்படுகிறவரை முதலில் தடுத்து நிறுத்தி வயதைக் கேளுங்கள். 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்த மியன்மாவின் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் பெண்களில் 18 முதல் 27 வயது வரையும், தொழில்நிபுணராயின் 35 வரையும் உட்படுத்துகிறது. போனவர் மீண்டு வெளியேறுவது நிச்சயமில்லை. வேறொரு நாட்டிலுள்ள தாய்லாந்துத் தூதரகம் ஏற்குமா என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டறிந்து, கணவரின் நீட்டிப்பில் குறைந்தது இரண்டு மாதமாவது மிச்சமிருக்கையில் மனுவை அனுப்பிவிடுங்கள்.