துப்புரவின் பெயரால்

மைத்தாரை அச்சுப்பொறியின் அச்சுத்தலை அடைத்துக்கொண்டால் 'சுத்தம் செய்' என்கிறது கணினி. நாமும் அழுத்துகிறோம். ஆனால் தலை கழுவப்படுவது நாம் காசு கொடுத்து வாங்கிய மையால் அல்லவா? கழுவிய மை பொறியின் அடியிலுள்ள பஞ்சில் சேர்கிறது. பஞ்சு நிறைந்துவிட்டதென உள்ளிருக்கும் கணக்கு சொன்னதும் பல பொறிகள் வேலைநிறுத்தம் செய்கின்றன. ஒரு துண்டுப் பஞ்சுக்காக முழுப் பொறியும் குப்பைக்கா?

சில பொறிகளில் அதனைப் பாவனையாளரே மாற்றலாம். எல்லாவற்றிலும் ஏன் முடியாது? பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பதைப் பிரான்ஸ் 2015இல் குற்றமாக்கியது. ஏனைய நாடுகள் எதற்காகக் காத்திருக்கின்றன?

அதுவரை, வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுங்கள். மை உலர்ந்து அடைப்பது குறையும். துளைச் சோதனைத் தாளில் கோடுகள் விடுபட்டிருந்தால் மட்டுமே துப்புரவுக்குப் போங்கள். கோடுகள் முழுமையாக இருக்கையில் அழுத்துவது, நம் பணத்தை நாமே பஞ்சில் ஊற்றுவதாகும்.