வீணைக்கும் பங்கு கேளுங்கள்!

பாட்டி காலமானால், காரியம் முடிந்த கையோடு நகையை எடை போட்டுப் பங்கு பிரிக்கிறோம். பட்டுப்புடவை, வெள்ளிக் குத்துவிளக்கு, பித்தளை அண்டா வரைக்கும் ஆளுக்கு ஒன்று என்று கணக்கு. ஆனால், பரணில் கிடக்கும் வீணையை மட்டும் யாரும் கேட்பதில்லை. "இடத்தை அடைக்குது" என்று பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் பெயின்ட் அடித்து ஹாலில் அழகுக்கு வைக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

அம்மாவைப் பெற்ற பாட்டியின் தஞ்சாவூர் வீணையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "உனக்கு எதுக்குடி? வாசிக்கவா போறே?" என்று அம்மாவே சிரித்தார். கல்யாணத்துக்கு முன்னால் பாட்டி நவராத்திரி கொலுவில் வாசிப்பாராம். புகுந்த வீட்டில், "குடும்பப் பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரே வார்த்தை. அன்றைக்கு உறை போட்டு மூடியதுதான். அதை அப்படியே விற்றுவிட்டால், அந்த வார்த்தைக்கு நாமும் தலையாட்டின மாதிரிதானே?

தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொண்டு போனேன். குடமும் தண்டியும் பலா மரம், இன்னும் உறுதியாகத்தான் இருக்கு என்றார். ஆனால், மெழுகு காய்ந்து 24 மெட்டுகளும் ஆட்டம் கண்டிருந்தன. பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் கலந்து காய்ச்சி வைத்து, ஒவ்வொரு மெட்டையும் சுருதி பார்த்துப் பதித்தார். இதற்கு 'மேளம் கட்டுறது' என்று பெயர். பிருடைகளைச் சரிசெய்து, வாசிக்கிற தந்தி நாலு, தாளத் தந்தி மூணு, ஆக ஏழையும் புதுசாகப் பூட்டினார். மொத்தச் செலவு அரைப் பவுன் விலைகூட ஆகவில்லை.

இந்த வேலையை மேஜை, நாற்காலி செய்கிறவரிடம் கொடுக்காதீர்கள். கனமாகப் பெயின்ட் அடித்தால் நாதம் அமுங்கிவிடும். வெயில் படுகிற ஜன்னலோரம் வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால், வீட்டு வீணையைத் தூசியில் போட்டுவிட்டு அந்தப் பெருமையை வைத்து என்ன செய்வது?

"எங்க வீட்ல வாசிக்க ஆளில்லையே" என்கிறீர்களா? புது வீணை வாங்க வசதியில்லாமல் பாட்டு டீச்சர் வீட்டு வீணையிலேயே பழகுகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்திக்குக் கொடுங்கள். நகை பூட்டி வைத்தாலும் விலை போகும். வீணையைப் பூட்டி வைத்தால் வெறும் மரக்கட்டைதான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால், வருகிற நவராத்திரிக்குள் கீழே இறக்குங்கள் சகோதரிகளே!

- ஒரு வாசகி, கும்பகோணம்