கர்சருக்கு எதற்கு ஆகமம்?

விம் எடிட்டரைப் பழக வருபவருக்கு மூத்தவர்கள் ஓதும் முதல் மந்திரம்: வந்தது வந்தபடி பழகு, எதையும் மாற்றாதே. கர்சரின் வடிவத்தையோ நடையையோ மாற்றுவது கத்துக்குட்டிகளின் வேலையாம். ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகளால் கர்சரை நகர்த்துவதில் ஆழ்ந்த ஞானம் இருப்பதாகவும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஞானமெல்லாம் இல்லை, கீபோர்டுதான் காரணம். 1976-இல் பெர்க்லியில் பில் ஜாய், விம்மின் மூதாதையான விஐ எடிட்டரை எழுதியபோது பயன்படுத்தியது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ டெர்மினல். அதில் அம்புக்குறிகளுக்கெனத் தனி விசைகள் இல்லை. அந்த நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசை, இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும்படி இருந்தது. தொலைபேசி வழி இணைப்போ நொடிக்கு 300 பிட், அதாவது ஏறத்தாழ 30 எழுத்து. 24 வரி, 80 எழுத்து கொண்ட திரையை முழுதாக நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். கையில் இருந்ததை வைத்து ஜாய் சமாளித்த விதம் அபாரம். அதை வேதமாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இவர்களின் அடுத்த அறிவுரை இன்னும் வேடிக்கை. அம்புக்குறி விசைகளை அமைப்புக் கோப்பில் முடக்கிவிட வேண்டுமாம். விம்மில் அவை பிறவியிலேயே வேலை செய்பவை. எதையும் மாற்றாதே என்பவர்களே முதல் மாற்றத்தைச் செய்யச் சொல்கிறார்கள்!

அந்தப் பிறவி நிலையும் ஒன்றாக இல்லை. 2016-இல் வந்த விம் 8, சொந்த அமைப்புக் கோப்பு இல்லாதவருக்கு ஒரு தொடக்க அமைப்பைத் தானே ஏற்றுகிறது. அதன்படி, கர்சர் விளிம்புக்கு ஐந்து வரி முன்னால் வரும்போதே திரை நகரும். வெறும் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கி வைத்தாலும் அந்த வசதி போய்விடும். 2014-இல் விம்மிலிருந்து பிரிந்த நியோவிம்மின் அமைப்பு வேறு. இதில் எது மூலவர்?

வடிவத்துக்கு வருவோம். விசைகள் கட்டளைகளாகும் சாதாரண நிலையில் 'டி' விசையை இருமுறை தட்டினால் ஒரு வரியே அழியும். எழுதும் நிலையில் இரண்டு எழுத்துகள் விழும். டெர்மினலில் ஓடும் விம்மிலோ, வழக்கமாக இரண்டு நிலைக்கும் கர்சர் ஒரே தோற்றத்தில்தான் நிற்கிறது. எந்த நிலை என்ற அறிவிப்பு திரையின் அடியில் கிடக்க, கண் கர்சரின் மேல் இருக்கிறது. இத்தனைக்கும் அதே விம்மின் சன்னல் வடிவமான ஜிவிம்மில், எழுதத் தொடங்கியதும் கர்சர் கேட்காமலே மெல்லிய கோடாகிவிடும். டெர்மினலிலும் அதைக் கொண்டுவர இரண்டு மூன்று வரிகள் போதும்.

நீண்ட பத்தி எழுதுபவரின் பாடு தனி. திரையில் ஆறு வரியாக மடிந்து தெரியும் பத்தி, விம்முக்கு ஒரே வரி. கீழே இறங்க ஜே-யை அழுத்தினால் கர்சர் பத்தியையே தாண்டிக் குதிக்கும். திரை வரிப்படி இறங்க முன்னால் ஒரு 'ஜி' சேர்க்க வேண்டும். நிரல் எழுதுபவருக்கு வசதியான இந்த நடையை, கட்டுரை எழுதுபவர் நாளெல்லாம் ஏன் சுமக்க வேண்டும்?

யாரோ ஒருவரின் சர்வரில் உட்கார்ந்தால் இந்த அமைப்பெல்லாம் இருக்காதே என்பார்கள். இருக்காதுதான். அங்கே வேலை சில நிமிடம். சொந்தக் கணினியில் நாள் முழுக்க. மாற்றுவதில் நிஜமான தொந்தரவு வேறொன்று உண்டு: விம்மை மூடிய பிறகும் கர்சர் ஷெல்லில் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் நிற்கலாம். வெளியேறும்போது பழைய வடிவத்தைக் கேட்டுவாங்க இன்னொரு வரி எழுத வேண்டியிருக்கும்.